பூட்டை மாற்றினால் வீடு போய்விடாது

போன மாதம் ஒரு இரவு பதினொரு மணிக்கு ஒரு தங்கச்சி எனக்குக் கோல் எடுத்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு உதவிக்கு நிற்பவள். வயது 19. பகலில் கல்லூரி, பின்னேரங்களில் கோப்பிக் கடையில் வேலை, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்ட்டில் வாடகைக்கு இருக்கிறாள். அன்றைக்கு வேலை முடிந்து வந்து பார்த்தால் திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. பூட்டுப் புதுசு. பக்கத்துக் கதவடியில் நாலு கறுப்புக் குப்பைப் பைகள். ஒன்றைத் திறந்து பார்த்தாளாம், மேலே அவளுடைய புத்தகங்கள்.

அழுதுகொண்டு அவள் என்னிடம் கேட்டது இதுதான்: “அக்கா, நான் ஒரு மாத வாடகை குடுக்கேல்லை. அப்ப அவர் செய்தது சரிதானே?”

எனக்கு அவளுடைய அழுகையை விட அந்தக் கேள்விதான் நெஞ்சில் குத்தியது. வெளியே குளிரில் நிற்கும்போதும், தன்னை வெளியே போட்டவருக்காக நியாயம் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கேள்வி பழக்கமான கேள்வி. 13 வயதில் நானும் அதே மாதிரி ஒரு கதவடியில் நின்றிருக்கிறேன்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஆனால் வாடகை வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை எங்கள் குடும்பம் கஷ்டப்பட்டுப் படித்தது. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: உங்களை வெளியே போட்டுப் பூட்டை மாற்றினால், முதலில் கேட்க வேண்டியது நட்ட ஈடு இல்லை, மன்னிப்பும் இல்லை. திறப்பைக் கேளுங்கள். அதையும் கெதியாகக் கேளுங்கள்.

2011 தை மாதம்

அப்போது நாங்கள் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் கீழே இருந்தோம். மேலே வீட்டுக்கார அங்கிளும் அன்ரியும் அவர்களுடைய பிள்ளைகளும். பொங்கலுக்கு மேலிருந்து புக்கை வரும், எங்கள் வீட்டிலிருந்து வடை போகும். அப்பா அவரை “அண்ணை” என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் ஷிஃப்டுகளை வெட்டினார்கள். இரண்டு மாத வாடகை நின்றுபோனது. அங்கிள் முதலில் நல்ல மாதிரித்தான் கேட்டார். பிறகு முகம் கொடுக்காமல் விட்டார். பிறகு ஒரு நாள் படியில் நின்று, “இந்த மாதக் கடைசிக்குள்ள வேற இடம் பாருங்கோ” என்றார். கடிதம் இல்லை, நோட்டீஸ் இல்லை. பொங்கல் முடிந்து ஒரு கிழமையில், அம்மாவும் அப்பாவும் வேலையில், நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பூட்டை மாற்றிவிட்டார்.

பின்னேரம் வந்து பார்த்தால் எங்கள் சாமான்கள் பனிக்கு மேலே. தம்பியின் பள்ளிக்கூடப் பை நனைந்து ஊறிப் போயிருந்தது. அப்பா கதவைத் தட்டினார். அங்கிள் வந்து, “தம்பி, எனக்கும் மோட்கேஜ் இருக்கு. குறை நினைக்காதேங்கோ” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “சரி அண்ணை” என்றார்.

முன் வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி பார்த்துவிட்டுப் பொலிசுக்கு அடித்துவிட்டார். பொலிஸ்காரர் வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் இது வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையிலான சிவில் விவகாரம், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் இங்கிருந்து போகிறீர்களா, போக இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் சரளமாகக் கதைத்தது நான் ஒருத்திதான்.

நான் சொன்னேன்: “இட்ஸ் ஓகே. வீ ஆர் லீவிங்.”

அப்பா அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், குளிர்கிறது, இந்தக் காட்சி கெதியாக முடிந்தால் போதும் என்று எனக்கு இருந்தது. அதனால் சொன்னேன். உங்களில் எத்தனை பேர் வங்கியில், ஆஸ்பத்திரியில், அரசாங்க அலுவலகத்தில் அப்பா அம்மாவுக்காக “இட்ஸ் ஓகே” சொல்லியிருக்கிறீர்கள்? அந்தச் சொல்லை நான் பிறகு இன்னொரு இடத்தில் கேட்க வேண்டி வந்தது.

அம்மாவின் வாதம்

அன்றிரவு மாமி வீட்டில் நிலத்தில் படுத்தோம். அடுத்த நாள் ஊர்ச்சங்கத்தில் பெரியவராக இருக்கும் ஒருவர் வந்து புத்தி சொன்னார். “நம்மட சனம் நம்மட சனத்தைக் கோட்டுக்கு இழுக்கிறது வடிவில்லை. பேசித் தீர்ப்பம்.” அப்பாவும் அதே எண்ணம்தான். “கல்வீட்டையே விட்டிட்டு வந்தனாங்கள். இந்த பேஸ்மன்ட்டுக்கு ஆர் வழக்குப் பேசுறது?” என்றார்.

அவர் சொன்ன கல்வீடு அம்மாவுடையது. வலிகாமம் வடக்கில். 1990இல் அம்மாவின் குடும்பம் கதவைப் பூட்டிவிட்டு, இரண்டு மூன்று நாளில் திரும்பி வரலாம் என்று நினைத்து வெளிக்கிட்டவர்கள். அந்தப் பகுதி பிறகு உயர் பாதுகாப்பு வலயமாகிப் போனது. அங்கே பல குடும்பங்களுக்குக் காணியை எட்டிப் பார்க்கவே இருபது வருஷத்துக்கு மேல் எடுத்தது.

அம்மா கனக்கக் கதைக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் சொன்னா: “இஞ்சேருங்கோ, அங்க போய்க் கேக்கிறதுக்கு ஒரு கதவு இருக்கேல்லை. அதாலதான் விட்டிட்டு வந்தனாங்கள். இங்க கேக்கிறதுக்கு ஒரு இடம் இருக்கெண்டா, கேக்காமல் போறது பெருந்தன்மை இல்லை. பழகிப்போச்சு, அவ்வளவுதான்.”

கேட்கும் இடம் இருந்தது. திங்கட்கிழமை அம்மா வேலைக்கு லீவு போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனா. ஒன்ராறியோ முழுக்க இப்படி நிலையங்கள் இருக்கின்றன. மாகாணத்தின் சட்ட உதவி நிதியில் நடப்பவை. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசம்.

அங்கிருந்த வழக்கறிஞர் முதலில் கேட்ட கேள்வி எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. “உங்களுக்குத் தனிக் குசினியும் தனிக் குளியலறையும் இருந்ததா?” இருந்தது என்றோம். அப்படியென்றால் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்றார். வீட்டுக்காரரோடு அல்லது அவருடைய மனைவி, பிள்ளை, பெற்றோரோடு குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்து, அவர்களும் அதே கட்டடத்தில் குடியிருந்தால், வாடகைச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. எங்கள் சனத்தின் வீடுகளில் அறை எடுத்து இருக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக அவர் சொன்னது: பேஸ்மன்ட் நகரசபை அனுமதி இல்லாமல் கட்டியதாக இருந்தாலும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வாடகையைக் கையில் காசாகக் கொடுத்திருந்தாலும், நீங்கள் வாடகைக்காரர்தான். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

2007 ஜனவரி 31 தொடக்கம் நடைமுறையில் உள்ள ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. புதுத் திறப்பைக் கொடுக்காமல் வீட்டுக்காரர் பூட்டை மாற்றக் கூடாது. வாடகைக்காரர் தானாக வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், அல்லது வீட்டு உரிமையாளர் - வாடகைக்காரர் வாரியம் வெளியேற்றும்படி கட்டளை போட்டிருக்க வேண்டும். கட்டளை இருந்தாலும், ஆள் போக மறுத்தால் கதவைத் திறந்து வெளியேற்றுவது ஷெரிஃப் அலுவலகத்தின் வேலை. வீட்டுக்காரர் செய்யக் கூடாது, அவருடைய மச்சான் செய்யக் கூடாது, ஆள் வைத்தும் செய்யக் கூடாது.

வாடகை பாக்கி இருந்தாலுமா? ஆம். பாக்கி என்பது வாரியத்துக்குப் போவதற்கு வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஒரு காரணம். பூட்டுக்கடைக்குப் போவதற்கான காரணம் இல்லை. இப்படிப் பூட்டை மாற்றுவது ஒரு குற்றம். 2023இல் சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரிக் குற்றங்களுக்கு ஒரு தனி ஆளுக்கு விதிக்கக்கூடிய ஆகக்கூடிய அபராதத்தை 100,000 டொலராக உயர்த்தியிருக்கிறார்கள்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமான பகுதி. சட்டவிரோதமாக வெளியே போடப்பட்டவரை வீட்டுக்குள் திரும்ப விடும்படி வாரியம் கட்டளை போடலாம். ஆனால் அந்த வீடு அப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். வேறு யாரும் குடிவந்துவிட்டால், அந்தப் புது ஆளைக் கிளப்பி உங்களை உள்ளே விட மாட்டார்கள். பிறகு உங்களுக்குக் கிடைக்கக்கூடியது காசுதான். அதனால்தான் கெதி, கெதி என்று சொல்கிறேன். “கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பம்” என்று நீங்கள் மாமி வீட்டில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த வீட்டை இன்னொருவர் பார்க்க வந்து போகிறார். கட்டளை கையில் கிடைத்த பிறகும் நேரக்கணக்கு உண்டு. வீட்டுக்காரர் திறப்பைத் தர மறுத்தால், கட்டளை வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அதை ஷெரிஃப் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். விட்டால் அது காலாவதி.

எங்கள் வழக்கறிஞர் ரி2 என்ற படிவத்தை நிரப்பி, அவசரமாக விசாரிக்கக் கேட்டார். அதோடு, மாகாண வீட்டுவசதி அமைச்சின் கீழ் வாடகைச் சட்டத்தை அமுல்படுத்தும் பிரிவுக்கும் அறிவித்தார். அவர்கள் அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்துச் சட்டத்தைச் சொன்னார்கள். அவர் சொன்ன பதில்: “அவையள் தாங்களாத்தான் போனவை. பிள்ளையே பொலிசுக்குச் சொன்னது.”

இட்ஸ் ஓகே

விசாரணை பன்னிரண்டாம் நாள். மிட்லண்ட் அவெனியூவில் இருந்த வாரிய அலுவலகத்தில். அது கோட்டு மாதிரியே இல்லை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. தீர்ப்புச் சொல்பவரை “மெம்பர்” என்கிறார்கள். சட்ட உதவி நிலையம் வயதுவந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தது. “பிள்ளையை இதுக்குள்ள இழுக்க வேண்டாம்” என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் முதல்தடவையாக, அப்பா அம்மா கதைக்கும்போது நான் வெறும் பிள்ளையாகப் பின்வரிசையில் இருந்தேன்.

அங்கிள் அதையே சொன்னார். தாங்களாகப் போனார்கள், மகள் பொலிசுக்கு “இட்ஸ் ஓகே” என்று சொன்னாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. குடும்பத்தின் வீட்டை நான் இரண்டு சொல்லில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மெம்பர் அம்மாவிடம் கேட்டார், நீங்கள் வீட்டுத் திறப்பை அவரிடம் திருப்பிக் கொடுத்தீர்களா என்று. அம்மா ஹான்ட்பேக்கைத் திறந்து, பழைய திறப்பை எடுத்து மேசையில் வைத்தா. அதற்குப் பிறகு, தமிழ்க் கடையில் வருஷத்துக்கு ஒன்று இலவசமாகத் தரும் முருகன் படக் கலண்டரையும் எடுத்து வைத்தா. அதில் ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுத்த திகதியும் தொகையும் அம்மாவின் கையெழுத்தில் இருந்தன. கொடுக்காத இரண்டு மாதமும் வெறுமையாக, மறைக்காமல் இருந்தன.

பிறகு மெம்பர் அங்கிளிடம் கேட்டார். அவர்கள் தாங்களாகப் போனவர்கள் என்றால், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரத்தில் நீங்கள் ஏன் பூட்டை மாற்றினீர்கள்? அங்கிளிடம் பதில் இருக்கவில்லை. நான் பொலிசுக்குச் சொன்னதைப் பற்றி மெம்பர் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். அந்த வீட்டின் வாடகைக்காரர் 13 வயதுப் பிள்ளை இல்லை என்றார்.

திறப்பைக் கொடுக்கும்படியும், வேறு யாருக்கும் அந்த வீட்டை வாடகைக்கு விட வேண்டாம் என்றும் கட்டளை வந்தது. வெளியில் இருந்த நாட்களுக்கான வாடகையும், நனைந்து பழுதான சாமான்களின் பெறுமதியும் கழிக்கப்பட்டன. இரண்டு மாதப் பாக்கி அழிந்துபோகவில்லை. அதை மாதம் மாதம் கட்டித் தீர்க்க எழுத்தில் ஒரு ஒழுங்கு செய்தோம். கட்டி முடித்தோம்.

வென்று என்ன பிரயோசனம்?

இதைச் சொன்னால் சிலர் கேட்பார்கள்: முகம் முறிந்த வீட்டுக்குள் திரும்பிப் போய் என்ன செய்வது? நியாயமான கேள்வி. அந்த வீட்டில் பிறகு நாங்கள் ஐந்து மாதம்தான் இருந்தோம். மேலிருந்து புக்கை வரவில்லை. படியில் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள். நானும் தம்பியும் சத்தம் போடாமல் நடக்கப் பழகினோம். அது சந்தோஷமான காலம் இல்லை.

ஆனால் அந்த ஐந்து மாதத்தில் தம்பி பள்ளிக்கூடம் மாறாமல் வகுப்பை முடித்தான். அப்பா வேறு வேலை எடுத்தார். அம்மா வீடுகளைப் பார்த்து, பிடித்த ஒன்றைத் தெரிந்து, நோட்டீஸ் எழுதிக் கொடுத்து, கோடை விடுமுறையில் பகல் வெளிச்சத்தில் சாமான் ஏற்றினா. கடைசியில் திறப்பை அம்மாதான் அங்கிளின் கையில் கொடுத்தா. அவர் வாங்கினார். அன்ரி உள்ளேயிருந்து வந்து தம்பியின் தலையைத் தடவினா.

குப்பைப் பையோடு வெளியேறுவதற்கும் இதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் சட்டம் கொடுப்பது. அந்த வீட்டில் என்றைக்கும் இருக்கும் உரிமை இல்லை. போவதென்றால் ஒரு ஒழுங்கில், நேரம் எடுத்து, தலை நிமிர்ந்து போகும் உரிமை.

“பேசித் தீர்ப்பம்” என்ற பெரியவரில் எனக்குக் கோபம் இல்லை. பேசுவது நல்லதுதான். ஆனால் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது வேறு, மாமி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு பேசுவது வேறு. முதலில் வீட்டுக்குள் போவோம், பிறகு பேசுவோம்.

மேல்வீட்டின் பக்கமும் இருக்கிறது

இன்றைக்கு உங்களில் பலருடைய அப்பா அம்மாதான் மேல்வீட்டில் இருக்கிறார்கள். பேஸ்மன்ட் வாடகை இல்லாமல் மோட்கேஜ் கட்ட முடியாத குடும்பங்களை எனக்குத் தெரியும். வாரியத்தில் வழக்கு எடுபட மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. மாகாணத்தின் ஒம்பட்ஸ்மன் பால் டூபே 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், வாரியத்தில் 38,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததாகச் சொன்னார். திருத்தத்துக்கு 61 பரிந்துரைகளை வைத்தார். அந்தத் தாமதம் இரண்டு பக்கத்தையும் வதைத்தது.

ஆனால் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் தாமதப்படுத்தும் அமைப்பு. அதை பேஸ்மன்ட் கதவில் காட்டக் கூடாது. உங்கள் அப்பா “பூட்டை மாத்தினால் சரி” என்று சாப்பாட்டு மேசையில் சொன்னால், நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். “அப்பா, அது குற்றம். படிவத்தை நான் நிரப்பித் தாறன்” என்று சொல்லுங்கள். வாடகை வராத வீட்டுக்காரருக்கும் ஒழுங்கான ஒரு வழி உண்டு. அது நீளமான வழி, அவ்வளவுதான்.

நினைவில் வைக்க வேண்டியவை

இவற்றை வாசித்துவிட்டு மறந்துபோகாமல், அப்பா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நோட்டீஸ் வந்தால் வீடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. என்4, என்12 என்று வரும் கடதாசிகள் வீட்டுக்காரரின் கோரிக்கையைச் சொல்பவை. நீங்கள் ஒத்துக்கொண்டு போகாவிட்டால், முடிவு வாரியத்தின் கையில். ஆனால் வாரியம் விசாரணைக்குத் திகதி தந்தால் கட்டாயம் போங்கள். 2020க்குப் பிறகு விசாரணைகள் பெரும்பாலும் கணினி அல்லது தொலைபேசி வழியாகத்தான். அந்த லிங்க்கைத் திறந்து கொடுப்பது அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

என்11 என்ற கடதாசியில் யோசிக்காமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். “சும்மா ஒரு ஃபோர்ம்” என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். அது வாடகை ஒப்பந்தத்தை முடிக்க நீங்களே சம்மதிக்கும் கடதாசி.

பாக்கிக்காக வெளியேற்றக் கட்டளை வந்துவிட்டாலும், ஷெரிஃப் வந்து பூட்டை மாற்றுவதற்கு முன்பு முழுப் பாக்கியையும் செலவுகளையும் கட்டிக் கட்டளையை ரத்துச் செய்யக் கேட்கலாம். ஒரு வாடகைக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் இந்த வாய்ப்பு. ஷெரிஃப் வந்து வெளியேற்றிய பிறகும், சாமான்களை எடுக்க 72 மணித்தியாலம் உண்டு. காலை 8 மணி தொடக்கம் இரவு 8 மணி வரை அவற்றை எடுக்க வீட்டுக்காரர் விட வேண்டும்.

“என்ர மகன் குடிவரப் போறான்” என்று எழுப்பிவிட்டு, பிறகு கூடின வாடகைக்கு வேறு ஆளை வைத்தால், நீங்கள் வெளியேறி ஒரு வருஷத்துக்குள் வாரியத்தில் முறையிடலாம். நட்ட ஈடு கிடைக்கலாம், ஆனால் வீடு திரும்பக் கிடைக்காது. அதனால் சந்தேகம் இருந்தால், போவதற்கு முன்பே சட்ட உதவி நிலையத்தில் கேளுங்கள்.

பெரிய திருத்த வேலைக்காக எழும்பச் சொன்னால், வேலை முடிந்தபின் திரும்பி வர விரும்புகிறேன் என்று, வெளியேறுவதற்கு முன்பு எழுத்தில் கொடுங்கள். கொடுத்தால், திரும்பி வரும் முதல் உரிமை உங்களுக்கு, வாடகையையும் புது ஆளுக்கு ஏற்றுவது மாதிரி ஏற்ற முடியாது. வாயால் சொன்னால் போதாது. விலாசம் மாறினால் அதையும் எழுத்தில் அறிவியுங்கள்.

வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. தராவிட்டால் அம்மாவின் கலண்டர் முறையாவது இருக்கட்டும்.

இங்கிலாந்தில் இருந்து வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வாடகைக்காரரை வெளியே போட்டுப் பூட்டுவது குற்றம். உங்கள் கவுன்சிலுக்கு அறிவிக்கலாம், திரும்ப உள்ளே விடும்படி நீதிமன்றத்தில் கட்டளையும் கேட்கலாம். அங்கேயும் இதுதான் முதல் வேலை: கெதியாகப் போவது.

கடைசியாக, 13 வயது எனக்கு ஒருவரும் சொல்லித்தராத விஷயம். மொழிபெயர்க்கும்போது, கேட்காத சம்மதத்தை அப்பா அம்மாவின் பெயரில் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். எல்லாரும் பார்ப்பார்கள். பரவாயில்லை. “நாங்கள் போகவில்லை. எங்களுக்குத் திறப்பு வேணும்” என்பதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வசனம் போதும். அதற்குப் பிறகு, ஒரு பெரிய ஆளை மொழிபெயர்க்க ஒழுங்கு செய்து தாருங்கள் என்று கேளுங்கள்.

அந்தத் தங்கச்சி அன்றிரவு என் வீட்டுச் சோபாவில் படுத்தாள். படுக்க முன்பு புதுப் பூட்டையும் குப்பைப் பைகளையும் எடுத்த படங்களோடு, வீட்டுக்காரருக்கு ஒரு ஈமெயில் எழுத வைத்தேன். நான் வீட்டை விட்டுப் போகவில்லை, திரும்பி வர விரும்புகிறேன், புதுத் திறப்பைத் தாருங்கள். அவ்வளவுதான். அவளுடைய குசினியை வேறு இரண்டு வாடகைப் பிள்ளைகளோடுதான் பகிர்கிறாள், வீட்டுக்காரரோடு இல்லை. விடிந்ததும் சட்ட உதவி நிலையத்துக்கும் அமுலாக்கப் பிரிவுக்கும் தொலைபேசி எடுத்தோம். மத்தியானம் வீட்டுக்காரருக்கு ஒரு கோல் போனது. பின்னேரம் ஆறு மணிக்கு அவர் புதுத் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாதப் பாக்கிக்கு முறைப்படி நோட்டீஸும் கொடுத்தார். நல்லது, அதுதான் சரியான வழி. கூடுதல் ஷிஃப்ட் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். போன சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்டபோது அந்தத் திறப்பைக் கழுத்தில் ஒரு நாடாவில் போட்டிருந்தாள்.

“ஏன் கழுத்தில?” என்று கேட்டேன்.

“பையில போட்டால் பயமாக் கிடக்கு அக்கா,” என்றாள்.